தண்ணீர் பாட்டில் ஏன் நிரம்பியே திரும்புகிறது?

கேள்வி: என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். மதியத்துக்கு மேல் வகுப்பில் தூங்கி வழிகிறாள் என்று டீச்சர் சொல்கிறார். எழுதுவதில் மெதுவாக இருப்பதால், முடிக்கும்வரை இன்டர்வெல்லுக்கு வெளியே விடுவதில்லை. இந்த ஆண்டு முதல் சாப்பாட்டு நேரமும் இருபது நிமிடமாகிவிட்டது. டிபன் பாதி மிஞ்சி வருகிறது. தண்ணீர் பாட்டிலும் அப்படியே வருகிறது. கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுகிறேன். மாலையில் டியூஷனில் சேர்த்தால் சரியாகுமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: டியூஷனைப் பற்றிப் பிறகு பேசலாம். அந்தத் தண்ணீரை எத்தனை நாளாகச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள்?

இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. பெரும்பாலும் பெண் பிள்ளைகளின் தாய்மார்களே எழுதுகிறார்கள். மதிப்பெண்ணை முதல் வரியிலும் பாட்டிலைக் கடைசி வரியிலும் வைக்கிறார்கள். காரைக்குடி வெயிலில் ஒன்பது வயதுக் குழந்தை காலையிலிருந்து மாலைவரை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் இருந்தால், அவளுக்குத் தாகம் எடுக்கவில்லை என்று பொருளல்ல. குடித்தால் ஒன்றுக்குப் போகவேண்டி வரும், போக நேரமில்லை, வகுப்பு நடுவே எழுந்து கேட்டால் திட்டு விழும் என்று கணக்குப் போட்டு, தன் உடம்பைத் தானே கட்டிப்போட்டிருக்கிறாள். உங்கள் மகள் மெதுவானவள் என்கிறீர்கள். எனக்கோ அவள் தன் வயதுக்கு மீறி யோசிப்பவளாகத் தெரிகிறாள். நீர் குறைந்தால் தலைவலியும் சோர்வும் வரும், கவனம் சிதறும். சிறுநீரைத் திரும்பத் திரும்ப அடக்கும் பிள்ளைகளுக்கு நோய்த்தொற்றும் மலச்சிக்கலும் வருவதைக் குழந்தை மருத்துவர்கள் எல்லாரும் அறிவார்கள். மதியத் தூக்கத்துக்குக் காரணத்தை நீங்களே எழுதிவிட்டு, டியூஷனைக் கேட்கிறீர்கள்.

இருபது நிமிடம் என்பதையும் ஒரு தரம் எண்ணிப் பாருங்கள். மணி அடித்ததும் நோட்டை மூடி, கை கழுவ வரிசையில் நின்று, இறுகிப்போன டப்பா மூடியை நகத்தால் நெம்பித் திறந்து முதல் கவளத்தை எடுக்கும்போதே பாதி நேரம் போய்விடும். மீதியில் விழுங்குவதா, கழிவறைக்கு ஓடுவதா, தோழியோடு இரண்டு வார்த்தை பேசுவதா? நம் பக்கத்துக் கல்யாண வீட்டில், வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில் பந்தி நடக்கும்போது, சாப்பிடுகிறவர் இலையில் கை வைத்திருக்க, எழுந்திருங்கள் என்று யாராவது சொல்வார்களா? விருந்தாளிக்குக் கொடுக்கும் அந்த மரியாதையில் பெற்ற பிள்ளைக்குப் பங்கில்லையா?

பசித்த பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்பது இந்த மண்ணுக்குத் தெரியாததல்ல. காமராசர் 1956-இல் மதிய உணவைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்ததும், எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக விரித்ததும் அதனால்தான். வீட்டிலிருந்து நல்ல சோறு கட்டிக் கொடுத்தும், அதைத் தின்ன நேரம் கொடுக்காவிட்டால் என்ன பயன்?

எழுதி முடிக்கவில்லை என்று இடைவேளையைப் பறிப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பாடத்துக்காகவோ தண்டனையாகவோ இடைவேளையை நிறுத்தக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 2013-லேயே சொல்லிவிட்டது. நம் கல்வி உரிமைச் சட்டம், 2009, 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. அதே சட்டத்தின் அட்டவணை குடிநீரையும், ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிவறையையும் கேட்கிறது. கழிவறை இருந்தும் போகவிடாமல் உட்கார வைப்பது எந்தக் கணக்கில் சேரும் என்று பள்ளியில் கேளுங்கள். பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனி மணி அடிக்கும் வழக்கத்தைக் கேரளப் பள்ளிகள் 2019-இல் தொடங்கின. அதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

தனியாகப் போகாதீர்கள்; அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பள்ளிக்கூட விஷயம் அம்மா தலையோடு போகட்டும் என்று ஒதுங்கும் அப்பாக்களை எனக்குப் பிடிக்காது. ஒரு நாள் வேலையை விட்டு வருவது அவர் கடமை. வகுப்பில் மற்ற பெற்றோர் நாலு பேரையும் சேர்த்துக்கொண்டால், அந்தப் பாட்டில் உங்கள் வீட்டில் மட்டும் நிரம்பி வரவில்லை என்பது தெரியும்.

அதற்கு முன் இன்று மாலை அவளிடம் மார்க்கைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள். பள்ளிக் கழிவறைக்குக் கடைசியாக எப்போது போனாய், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, போகக் கேட்டால் டீச்சர் என்ன சொல்வார் என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள். போகும்போது எரிகிறது என்றோ அடிவயிறு வலிக்கிறது என்றோ சொன்னால், மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு நேரே குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.