வாத்தியார் ஆகணும் என்கிறவனை முதலில் ஒரு வாத்தியாரிடம் அனுப்புங்கள்

குமரி மாவட்டத்துத் திங்கள்சந்தைப் பக்கமிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். கணவர் வளைகுடாவில் இருக்கிறார். மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான், கணக்கில் நல்ல மதிப்பெண். கணக்கு சார் ஆகணும் என்கிறான். தாய்மாமனுக்கு அது பிடிக்கவில்லை. "ஆம்பளப் பிள்ளை வாத்தியார் வேலைக்குப் போய் என்ன சம்பாதிக்கப் போறான், கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏ.ஐ.ல சேர்த்து விடு" என்று ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டா இடத்துக்கு 25,000 ரூபாய் முன்பணமும் கட்டிவிட்டார். மீதிக்குக் குலசேகரம் பக்கம் இருக்கும் ரப்பர் தோட்டத்தில் 20 சென்ட்டை விற்கலாம் என்று பேச்சு. "அண்ணனும் நோகக் கூடாது, பையனும் நோகக் கூடாது, ஒரு வழி சொல்லுங்க" என்று முடித்திருக்கிறார்.

யாரும் நோகாத வழி என்னிடம் இல்லை. உங்கள் அண்ணன் கொஞ்சம் நோகத்தான் வேண்டும்.

முதலில் தோட்டத்தை விற்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. கணக்கில் இவ்வளவு மதிப்பெண் வாங்கியவனுக்குப் பொறியியல்தான் வேண்டுமென்றால் அரசின் கலந்தாய்வு இருக்கிறது. விண்ணப்பித்து, தரவரிசையில் வந்து, அரசு ஒதுக்கீட்டுக் கட்டணத்தில் சேரலாம். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கும் சலுகை உண்டு. அந்த வழியை விட்டுவிட்டு, பையன் கேட்காத பாடத்துக்கு, கேட்காத கல்லூரியில், நிலத்தை விற்றுச் சேர்ப்பது எதற்கு? கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்ள "ஏ.ஐ." என்ற இரண்டு எழுத்து கிடைக்கும். அதற்கு 20 சென்ட் ரொம்ப அதிகம்.

"பி.இ. முடிக்கட்டும், பிடிக்கலேன்னா அப்புறம் பி.எட். பண்ணட்டும்" என்றும் மாமா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பொறியியல் படித்தவர்களும் பி.எட். சேரலாம் என்பது உண்மைதான். ஆனால் கணக்கு சார் ஆவதற்கு கணிதப் பட்டப்படிப்பு உள்ளூரிலேயே இருக்கும்போது, நாலு வருஷமும் ஒரு துண்டு நிலமும் கொடுத்து ஏன் சுற்றிப் போக வேண்டும்?

இதைச் சொல்லிவிட்டு மாமாவின் பக்கத்தில் இருக்கும் நியாயத்தையும் சொல்ல வேண்டும். வேலை சுலபமாகக் கிடைக்காது. ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறிவிட்டால் அரசு வேலை வந்துவிடும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். தகுதித் தேர்வு வெறும் தகுதிதான், நியமனத்துக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வு தனி. அது எந்த வருஷம் வரும் என்று யாரும் காத்திருந்துதான் பார்க்க வேண்டும். அதுவரை பெரும்பாலும் தனியார் பள்ளிதான், அங்கே சம்பளம் குறைவு. அரசில் பட்டதாரி ஆசிரியரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாய். இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை வருஷம் ஓடும் என்பதுதான் மாமாவின் கேள்வி. கேட்கவேண்டிய கேள்விதான், ஆனால் அதை என்னிடமோ மாமாவிடமோ கேட்டுப் பயனில்லை.

உங்கள் மகன் நல்ல ஆசிரியர் ஆவானா என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. பன்னிரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததால் இந்த வேலை தனக்குத் தெரியும் என்று நினைக்கிறான். பெஞ்சிலிருந்து தெரிவது நாற்பது நிமிஷப் பீரியட் மட்டும். முந்தின நாள் எழுதிய பாடக்குறிப்பேடு தெரியாது. பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவான எமிஸில் வருகைப்பதிவு ஏறாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்போது வருகிற எரிச்சல் தெரியாது. தேர்தல் வந்தால் ஏதோ ஒரு வாக்குச்சாவடியில் ராத்திரி தங்குவதும், பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டைத் தேடிப் போவதும் தெரியாது. ஆகவே, கல்லூரி விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன் அவன் செய்ய வேண்டிய வேலை ஒன்று: ஒரு அனுபவமுள்ள ஆசிரியரை முறையாகப் பேட்டி எடுப்பது. நம் ஊரில் இதை யாரும் ஒரு வழியாகவே நினைப்பதில்லை. பத்திரிகைக்காரர்கள் செய்கிற வேலை என்று விட்டுவிடுகிறோம்.

குமரி மாவட்டத்தில் ஆசிரியருக்கா பஞ்சம்? 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம். தெருவுக்கு ஒரு சார், ஒரு டீச்சர், அதுபோக ஓய்வு பெற்றவர்கள். ஆனால் யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் கவனம் வேண்டும். சொந்தக்காரர் வேண்டாம், அவர்கள் வீட்டுப் பேச்சையும் சேர்த்துப் பேசுவார்கள். பையனுக்கு மிகவும் பிடித்த சாரும் வேண்டாம், அவர் முன்னால் இவன் கேள்வி கேட்க மாட்டான், தலையாட்டிவிட்டு வந்துவிடுவான். கணக்கு நடத்துகிறவராக, பதினைந்து இருபது வருஷம் ஆனவராக இருக்கட்டும். ஒரு மெட்ரிக் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்கு இருந்துவிட்டு அப்புறம் அரசுப் பள்ளிக்கு வந்தவராக இருந்தால் ரொம்ப நல்லது, இரண்டு உலகமும் அவருக்குத் தெரியும்.

பேசுவதற்கு மே மாதம் தோதானது. பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் வேலை முடிந்து வீட்டில் இருப்பார்கள். சும்மா பார்க்க வந்தேன் என்று போய் நிற்கக் கூடாது. போனில் அழைத்து, "சார், நான் கணக்கு வாத்தியார் ஆகலாம்னு நினைக்கேன், உங்க வேலையைப் பத்தி ஒரு முக்கால் மணி நேரம் கேக்கணும்" என்று காரணத்தைச் சொல்லி நேரம் வாங்க வேண்டும். யாரும் முகத்தைச் சுளிக்க மாட்டார்கள். சொல்லப்போனால், அவர்களிடம் இப்படி ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆசிரியரைப் பேட்டி எடுப்பதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இடம் கொடுத்தால் அவர் பேட்டி எடுக்க வந்தவனுக்கே வகுப்பெடுத்து அனுப்பிவிடுவார். "ஆசிரியர் பணி எப்படி சார்?" என்று தொடங்கினால் "புனிதமான பணி தம்பி" என்று தொடங்குவார், பிறகு நிறுத்த முடியாது. அதனால் கருத்துக் கேட்கக் கூடாது, நடந்ததைக் கேட்க வேண்டும். "கடைசியா பள்ளிக்கூடம் நடந்த வாரத்துல ஒரு திங்கட்கிழமை, காலையில வீட்டை விட்டு இறங்கினதிலிருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க?" இந்த ஒரு கேள்விக்கே இருபது நிமிஷம் போகும், போகட்டும். அதில் எத்தனை மணி நேரம் கணக்கு, எத்தனை மணி நேரம் மற்றது என்று பையன் மனசுக்குள் கூட்டிக்கொண்டே வரட்டும்.

அடுத்து, எட்டாம் வகுப்புக்கு வந்தும் கழித்தலில் கடன் வாங்கத் தெரியாத பிள்ளையை என்ன செய்தார் என்று கேட்கட்டும். இதைக் கேட்டதும் சிலர் பெற்றோரைக் குறை சொல்வார்கள். சிலர் எழுந்து போய் ஒரு காகிதத்தை எடுத்துவந்து, இப்படிச் சொல்லிப் பார்த்தேன், விளங்கவில்லை, அப்புறம் குச்சி வைத்துக் காட்டினேன் என்று விளக்க ஆரம்பிப்பார்கள். அந்த இடத்தில் பையன் தன்னையும் கவனிக்க வேண்டும். சார் சொல்லும்போது 'வேறு மாதிரியும் சொல்லலாமே' என்று அவனுக்குள் ஒன்று துடித்ததா, அல்லது எப்போது முடியும் என்று தோன்றியதா? எனக்கு அவன் மதிப்பெண்ணைவிட இதுதான் முக்கியம். கணக்கு பிடிப்பது வேறு, கணக்கு வராத பிள்ளையோடு உட்கார்ந்திருக்கப் பிடிப்பது வேறு.

ஒரே பாடத்தை ஒரே நாளில் மூன்று பிரிவுகளுக்கு நடத்தும்போது மூன்றாவது பிரிவில் என்ன நடக்கிறது என்று கேட்கலாம். முதல் நியமனம் எந்த ஊரில் என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். குமரியில் காலியிடம் அரிது. நம் மாவட்டத்து ஆட்கள் பலர் கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் வேலையில் சேர்ந்து, வாடகை வீட்டில் இருந்து, வருஷா வருஷம் இடமாறுதல் கலந்தாய்வுக்குக் காத்திருந்து ஊருக்கு வந்தவர்கள். அந்த வருஷங்களில் வீட்டை யார் பார்த்தார்கள், கல்யாணம் எப்போது ஆனது, எல்லாம் கேட்கவேண்டியதே. 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதே, எட்டாம் வகுப்பு வரை நடத்தும் ஆசிரியர்களில் ஐந்து வருஷத்துக்கு மேல் பணிக்காலம் பாக்கி இருப்பவர்களும் இரண்டு வருஷத்துக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று, அதைக் கேட்ட அன்று ஆசிரியர் அறையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்றும் கேட்கட்டும். இந்த வேலையில் பாதுகாப்பு என்றால் என்ன என்று அப்போது புரியும்.

சம்பளத்தைக் கேட்க நம் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். இப்போதைய சம்பளத்தைக் கேட்க வேண்டாம், அது மரியாதையும் இல்லை. முதல் சம்பளம் எவ்வளவு, அதில் வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தார், எப்போது முதல் முறையாகக் கடன் இல்லாமல் மாசம் முடிந்தது என்று கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பழைய கஷ்டத்தைச் சொல்ல எல்லோருக்கும் பிடிக்கும்.

செல்போனில் பதிவு செய்ய வேண்டாம், பதிவு ஓடினால் சார் மேடையில் பேசுவதுபோலப் பேசுவார். ஒரு நோட்டில் குறிப்பு எடுத்து, அன்று ராத்திரியே விரித்து எழுதிவிட வேண்டும். மாமா கூடப் போகவே கூடாது. நீங்களும் வேண்டாம். திரும்பி வந்தவனிடம் "என்ன முடிவு பண்ணின மக்ளே?" என்று வாசலிலேயே கேட்காதீர்கள். "நீ நினைக்காத எதை அவர் சொன்னாரு?" என்று மட்டும் கேளுங்கள்.

ஒருவர் போதாது. தனியார் பள்ளியில் சேர்ந்து நாலைந்து வருஷமான ஓர் இளம் ஆசிரியரையும் பார்க்கட்டும். மூத்தவர் கரையேறியவர், அவருக்குப் பழைய கஷ்டம் இப்போது கதை. இளையவர் இன்னும் நடுவில் இருக்கிறார். மாலையில் டியூஷன் எடுக்கிறாரா, போட்டித் தேர்வுக்கு எப்போது படிக்கிறார், மே மாதத்துக்குச் சம்பளம் வருமா என்பதெல்லாம் அவரிடம்தான் தெரியும். ஜூனில் பள்ளி திறந்ததும், தலைமையாசிரியர் அனுமதித்தால், ஒருநாள் முழுக்க ஒரு வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது இன்னும் நல்லது.

இதெல்லாம் முடிந்து "எனக்கு இது ஒத்துவராது" என்று அவன் சொன்னால் மறு பேச்சு வேண்டாம், கலந்தாய்வு வழியாக வேறு படிப்பைப் பாருங்கள். பஸ் காசைத் தவிர ஒன்றும் போகவில்லை.

"இதுதான் வேணும்" என்றால், பி.எஸ்சி. கணிதம். வெறும் கணிதம். பெயரில் கூடுதல் ஒட்டு உள்ள புதுப் பட்டங்களில் சேர்ந்தால், அது கணிதத்துக்கு இணை என்று அரசாணை இருக்கிறதா என்று வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அலைய வேண்டிவரும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்தவன் என்றால் 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். அப்புறம் இரண்டு வருஷம் பி.எட். "தினமும் வரவேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும்" என்கிற கல்லூரியில் சேர்க்காதீர்கள். அந்தப் படிப்பில் உருப்படியானது பள்ளிகளில் செய்கிற 20 வாரப் பயிற்சிதான், அதைத் தொலைத்துவிட்டுச் சான்றிதழ் மட்டும் வாங்குவதற்கு அர்த்தமில்லை. பின்னால் எவராவது, ஒரு பள்ளியில் போஸ்ட் இருக்கு, இவ்வளவு லட்சம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று வருவார். இன்று விற்காத தோட்டத்தை அன்றும் விற்காதீர்கள்.

அந்த 25,000 ரூபாயை விட்டுவிட வேண்டாம். வகுப்பு தொடங்குவதற்கு முன் விலகினால், செயல்பாட்டுக் கட்டணமாக அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. டி.சி.யையும் மதிப்பெண் பட்டியலையும் அசலாக வாங்கி வைத்திருந்தால் அதையும் கேளுங்கள், பிடித்துவைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. வாயால் கேட்காமல் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். ரசீது உங்கள் அண்ணனிடம்தானே இருக்கும். இந்த ஒரு இடத்துக்கு அவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.