பலகையில் வெட்டும் எழுத்துக்குக் கோப்புத் தயாரித்தல்

கேள்வி: ஃப்ளெக்ஸ் பேனர் வடிவமைத்து வருகிறேன். வாசல் பெயர்ப்பலகை ஒன்றுக்கான தமிழ் எழுத்துகளை 12 மி.மீ. டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பலகையில், கணினி வழி இயங்கும் வெட்டு இயந்திரமான சி.என்.சி. ரூட்டரால் வெட்டக் கொடுத்தேன். விளிம்புகள் பிசிறாகவும், மேல்விலங்கு (‘கி’யில் உள்ள இகரக் குறி) எழுத்தோடு சேருமிடத்தில் ஓட்டையாகவும் வந்தன. கோப்பில் என்ன தவறு? — வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அச்சு இயந்திரம் நிறத்தைப் பார்க்கிறது, ரூட்டரோ கோட்டை மட்டுமே பார்க்கிறது. சுழலும் பிட் (வெட்டும் முனை) எந்த வழியே செல்ல வேண்டும் என்பதைச் சொல்லும் கோடுதான் அதற்குக் கோப்பு. நிரப்பிய நிறம், நிழல், கோட்டின் தடிமன் ஆகிய எதற்கும் அங்கே பொருளில்லை.

நீங்கள் சொல்லும் ஓட்டைக்குக் காரணம் பெரும்பாலும் எழுத்துருவில் இருக்கும். பல தமிழ் எழுத்துருக்களில் ‘கி’, ‘மி’ போன்றவற்றின் மேல்விலங்கு தனி வடிவமாக இருந்து, மெய்யின் மேல் சற்றே ஏறி நிற்கும். கோரல்டிரா என்னும் வரைகலை மென்பொருளில் எழுத்தை ‘கர்வ்’ (வெறும் கோட்டு வடிவம்) ஆக மாற்றி, எல்லாவற்றையும் ஒன்றாக ‘கம்பைன்’ செய்தால், ஒன்றன்மேல் ஒன்று படிந்த அந்தச் சிறு பகுதி வெற்றிடமாகிவிடும். ரூட்டர் அதையும் நேர்மையாக வெட்டி எடுத்துவிடும். கர்வ் ஆக்கிய பிறகு ஒவ்வோர் எழுத்தையும் ‘வெல்டு’ செய்து (ஒரே வடிவமாக இணைத்து), நிரப்பலை நீக்கி, கோடுகள் மட்டும் தெரியும் ஒயர்ஃபிரேம் பார்வையில் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தின் உள்ளே குறுக்கே ஓடும் கோடு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

பிசிறுக்கு வேறு காரணம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைத் தானியங்கியாக ‘டிரேஸ்’ செய்தால் (கோடாக மாற்றினால்), ஒரே வளைவில் தேவைக்கு மேல் பல நோடுகள் (கோட்டை வடிவமைக்கும் புள்ளிகள்) விழும். அவை ஒவ்வொன்றிலும் திசை மாறுவதால் பிட் தயங்கித் தயங்கி நகர்ந்து விளிம்பைக் கெடுக்கும். அவசர வேலையாயினும் பென் கருவியால் மீண்டும் வரைவதையே நான் பரிந்துரைப்பேன். கோடுகள் முனை சேர்ந்து மூடியிருக்க வேண்டும். ஒரே கோடு இரண்டு முறை படிந்திருந்தால் பிட் அதே பாதையில் இரண்டாம் முறையும் ஓடும்.

அடுத்தது பிட்டின் அளவு. பிட் வட்டமானது என்பதால், 6 மி.மீ. பிட்டைக் கொண்டு வெட்டினால் ‘ட’, ‘ப’ ஆகியவற்றின் உள்மூலைகள் குறைந்தது 3 மி.மீ. ஆரத்தோடு வளைந்தே வரும். வெளிமூலைகள் கூர்மையாகவே இருக்கும். 6 மி.மீ.க்குக் குறைவான இடைவெளியில் அந்தப் பிட் நுழையவே நுழையாது. ‘ண’, ‘ஞ’ ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டுப்போவது இதனால்தான். 3 மி.மீ. பிட் போடச் சொல்லலாம் என்று தோன்றும். ஆனால் தடித்த பலகையில் மெல்லிய பிட் எளிதில் முறியும். சுழி அகன்ற எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதோ, எழுத்தைப் பெரிதாக்குவதோதான் நல்ல தீர்வு. புள்ளிகள் தனித்துண்டுகளாகவே வரும்; புதுச்சேரியில் தமிழோடு பிரெஞ்சும் சேர்த்துப் பலகை செய்பவர்களுக்கு அம்மொழியின் உச்சரிப்புக் குறிகளும் அப்படியே. அவற்றை ஒட்டும்போது இடம் பிசகாமலிருக்க, எழுத்துகளின் முழு வரைவை உண்மை அளவில் காகிதத்தில் எடுத்துச் சேர்த்துக் கொடுங்கள்.

பிட்டின் பாதி விட்டத்தை நீங்களே கழித்து வரைய வேண்டாம். கோட்டுக்கு வெளியே வெட்டுவதா, உள்ளே வெட்டுவதா என்பதை இயந்திரத்தை இயக்குபவர் மென்பொருளில் அமைத்துக்கொள்வார். இருவரும் கழித்தால் அளவு கெட்டுவிடும். அறுத்து எடுக்க ஒரு லேயர் (கோப்பின் தனி அடுக்கு), பள்ளம் தோண்ட ஒரு லேயர், துளையிட ஒரு லேயர் எனப் பிரித்துத் தருவது மட்டும் உங்கள் வேலை.

கேள்வி: 600 மி.மீ. அகலத்தில் வரைந்து அனுப்பிய டி.எக்ஸ்.எஃப். கோப்பு (வரைகோடுகளை வேறு மென்பொருளுக்குக் கொடுக்கும் கோப்பு வகை), வெட்டும் கடையில் 23.6 மி.மீ. ஆகத் திறந்தது. ஏன்? — வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: 600ஐ 25.4ஆல் வகுத்துப் பாருங்கள். உங்கள் மென்பொருள் அங்குலத்தில் எழுதிய எண்ணைக் கடையின் மென்பொருள் மில்லிமீட்டராகப் படித்திருக்கிறது. ஏற்றுமதி செய்யும்போது அலகை மில்லிமீட்டர் என்று தேர்ந்தெடுங்கள். அதோடு, பலகைக்கு வெளியே தனி லேயரில் 100 மி.மீ. சதுரம் ஒன்றை வரைந்து வைத்து, வெட்டுவதற்கு முன் அதை அளந்து பார்க்கும்படி கடைக்காரரிடம் சொல்லுங்கள்.