நைக்கியை விட்டு ஹோகா, ஆன் பக்கம் ஏன் போகிறார்கள்? கேள்வி பதில்

அண்ணா, முன்பு ஓடுகிறவர்கள் காலில் நைக்கிதான் இருக்கும். இப்போது ஹோகா, ஆன் என்ற பிராண்டுகளைச் சொல்கிறார்கள். நைக்கி ஷூ மோசமாகிவிட்டதா?

ஷூ மோசமாகவில்லை. நைக்கி மற்றவர்களின் கடைகளை விட்டுப் போனதுதான் முக்கியக் காரணம் என்பேன். 2017 முதல் நைக்கி தன் ஆப், இணையதளம், சொந்தக் கடைகள் வழியாக நேரடியாக விற்பதில் தீவிரமாக இறங்கியது. 2019இல் அமேசானில் விற்பதை நிறுத்தியது. அமெரிக்காவில் பல கடைகளுக்குச் சரக்கு கொடுப்பதையும் விட்டது. ஆனால் ஓடுகிறவர் ஷூவைப் போட்டுப் பார்த்துத்தான் வாங்குவார், கடைக்காரர் பேச்சையும் கேட்பார். காலியான அலமாரியில் ஹோகா, ஆன், ப்ரூக்ஸ் எல்லாம் வந்து உட்கார்ந்தன.

அதே நேரத்தில் நைக்கி ஏர் ஃபோர்ஸ் 1, டங்க், ஏர் ஜோர்டான் 1 என்று 80களின் மாடல்களையே விதவிதமான நிறத்தில் கொட்டியது. எல்லார் காலிலும் அதுவே என்றானபின் யாருக்கு ஆசை வரும்? 2024 ஜூன் 28 அன்று ஒரே நாளில் பங்கு விலை சுமார் 20% சரிந்தது. அந்த அக்டோபரில் தலைமைக்கு வந்த எலியட் ஹில், 1988இல் பயிற்சி ஊழியராகச் சேர்ந்தவர். கடைக்காரர்களிடம் திரும்பப் போவதுதான் அவருடைய முதல் வேலையாக இருந்தது. அது சரியான முடிவு.

ஹோகாவின் தடித்த சோலில் அப்படி என்ன இருக்கிறது?

2009இல் பிரான்சின் ஆன்சி நகரில், மலையிலிருந்து வேகமாக இறங்கி ஓடுவதற்காக உருவானது அது. அப்போது வெறுங்காலோடு ஓடுவது போன்ற மெல்லிய சோல்தான் மோகம், ஹோகா அதற்கு நேர் எதிராகப் போனது. பிறகு நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் நர்சுகளும் வாங்க ஆரம்பித்தார்கள். 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் விற்பனை சுமார் 180 கோடி டாலர்! ஆன் 2010இல் சூரிக்கில் தொடங்கியது. பல வருடம் நைக்கியின் முகமாக இருந்த டென்னிஸ் வீரர் ஃபெடரர், 2019இல் அதில் முதலீடு செய்தார்.

அடிடாஸ் சாம்பா ஷூ மோகம் ஓய்ந்துவிடுமா?

ஓயும். உறைந்த தரையில் கால்பந்து ஆடச் செய்த பழைய அடிடாஸ் ஷூ அது. ஃபேஷனால் ஏறியது ஃபேஷனாலேயே இறங்கும்.

நைக்கி இப்படி அடிவாங்குவது முதல் முறையா?

இல்லை. 1982இல் ரீபாக், பெண்களின் ஏரோபிக்ஸுக்கென்று ஃப்ரீஸ்டைல் ஷூவைக் கொண்டுவந்தது. நைக்கி அந்தச் சந்தையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 80களின் நடுவிலேயே அமெரிக்க விற்பனையில் ரீபாக் முந்திவிட்டது. ஏர் ஜோர்டானும், சோலில் வெளியே தெரியும்படி வைத்த காற்றுப்பையும்தான் நைக்கியை மீட்டன. ரீபாக்கை 2006இல் வாங்கிய அடிடாஸ், 2022இல் விற்றுவிட்டது.

நைக்கி ஷூ தமிழ்நாட்டில் தயாராகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே குழுமத்தின் ஆலை நைக்கிக்குச் செய்து தருகிறது. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். அதனால் அமெரிக்கக்காரர் மனம் மாறுவது நமக்கும் வெறும் ஃபேஷன் செய்தி இல்லை.

முதல் மாரத்தானுக்கு எந்த பிராண்டு வாங்கலாம்?

பிராண்டை மறந்துவிட்டு, கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் கடைக்குப் போங்கள். ஓடும்போது போடும் சாக்ஸையே போட்டு, நாலைந்து ஜோடி மாற்றிப் பாருங்கள். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். சோலுக்குள் கார்பன் தகடு வைத்த பந்தய ஷூ (கார்பன் பிளேட் ஷூ) இப்போது வேண்டாம்.