நத்தை எப்படிக் கத்தும்?

அன்புள்ள ஐயா,

மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளோடு வாரம் ஒருமுறை பாட்டு நேரம் நடத்தும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. மிருகங்களை வைத்துத் தொடங்கியிருக்கிறேன். எனக்குச் சுருதி நிற்காது. அதனால் செல்போனில் பாட்டைப் போட்டு, ஸ்பீக்கரில் கொடுத்து, கூடவே பாடச் சொல்கிறேன். சிங்கம் வந்தாலே ஒரே அமளி. ஒரு பையன் இதுவரை வாயே திறக்கவில்லை. பிளிறும், கனைக்கும், அகவும் என்று ஒலிமரபையும் சேர்த்துச் சொல்லித்தரும்படி மேலே சொல்கிறார்கள். பொருத்தமான பாட்டுகளின் பட்டியல் ஒன்று தர முடியுமா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அண்மையில் ஒரு வீட்டில் இரண்டரை வயதுக் குழந்தை ஒருத்தி டிவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். திரையில் வாத்து கத்தியது. அவள் உதட்டைக் குவித்து மூச்சை இழுத்தாள். ‘க்வா’ வெளியே வருவதற்குள் வாத்து போய்ப் பசு வந்துவிட்டது. பசுவுக்காக வாயைத் திறந்தால் அங்கே ஆடு நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் அவள் வாயை மூடிக்கொண்டு வெறுமனே பார்க்க ஆரம்பித்தாள். ‘எவ்வளவு கவனம் பாருங்கள்’ என்று வீட்டில் மெச்சினார்கள். எனக்கு மனசே ஆறவில்லை.

நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். சுருதி நிற்காது என்பது ஒரு காரணமா? உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான்கு வயது. அவர்களுக்கு வேண்டியது உங்கள் முகமும் உங்கள் மூச்சும். இதை நான் பாசத்தில் மட்டும் சொல்லவில்லை. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பணியாற்றிய கிர்ஷ்னர், தோமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டரை முதல் நாலரை வயதுவரையுள்ள குழந்தைகளை மேளம் தட்டவைத்துப் பார்த்தார்கள். ஒருமுறை எதிரே ஒரு மனிதர் தட்டினார், ஒருமுறை இயந்திரம் தட்டியது, ஒருமுறை ஸ்பீக்கரிலிருந்து ஓசை மட்டும் வந்தது. மனிதரோடு தட்டியபோதுதான் குழந்தைகளின் தாளம் நன்றாக ஒட்டியது.

அதே இருவர் அடுத்த ஆண்டு செய்தது இன்னும் அழகு. நான்கு வயதுக் குழந்தைகளை இரண்டிரண்டு பேராகக் கூப்பிட்டு, குளத்தில் தூங்கும் தவளைகளை எழுப்பும் விளையாட்டு ஒன்றை வைத்தார்கள். சில ஜோடிகள் பாடி, ஆடி, வாத்தியம் வாசித்து எழுப்பின. மற்றவை அதே விளையாட்டைப் பாட்டில்லாமல் விளையாடின. அப்புறம் ஒரு குழந்தையின் கையிலிருந்த கோலிகள் கொட்டிப்போகும்படி செய்தபோது, சேர்ந்து பாடிய குழந்தைகள்தான் அதிகம் உதவிக்கு ஓடினார்கள். சேர்ந்து பாடியதற்கு இப்படியும் ஒரு பலன் இருக்கிறது. செல்போனை அணைத்துப் பைக்குள் போடுங்கள்.

ஒலிமரபை விடுங்கள். அது பின்னால் வந்துசேரும்.

சிங்கம் வந்தால் அமளி ஆகட்டும், அடுத்த அடியில் தூங்குகிற பூனையைக் கொண்டு வாருங்கள், அடங்கிவிடும். குதித்துக்கொண்டே பாடச் சொல்லாதீர்கள், மூச்சு போதாது. ஓர் அடி பாட்டு, ஓர் அடி குதிப்பு என்று மாற்றி மாற்றி வையுங்கள்.

சுருதியைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன். பெரியவர்கள் தங்களுக்கு வசதியாகக் கீழே எடுத்துவிட்டு, குழந்தைகள் அபசுரமாகப் பாடுகிறார்கள் என்று குறை சொல்கிறார்கள். அந்தச் சின்னத் தொண்டைக்கு அவ்வளவு கீழே எட்டாது. கொஞ்சம் மேலே எடுங்கள். ஐந்தாறு சுரங்களுக்குள் அடங்கும் மெட்டு போதும். பாட்டுக்கு முன் ‘ஊ…’ என்று நரி ஊளையை உச்சியிலிருந்து கீழே இழுத்துக் காட்டுங்கள். பேசுகிற குரலுக்கு மேலே தனக்கு இன்னொரு குரல் இருப்பதைக் குழந்தை தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

இதையெல்லாம்விட முக்கியமானது காத்திருப்பது. ‘கதவைத் தட்டி வந்தது யாரு?’ என்று பாடிவிட்டு நிறுத்துங்கள். நிறுத்துவது என்றால் நிஜமாகவே நிறுத்துவது. மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். நமக்கு இரண்டு விநாடி மௌனமே தாங்காது. ‘மியாவ் சொல்லு, மியாவ்’ என்று பாய்ந்து, குழந்தை சொல்லவேண்டியதை நாமே பிடுங்கிச் சொல்லிவிடுவோம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த ஐந்து எண்ணிக்கைக்குள்தான் குழந்தை மிருகத்தைத் தேடி, அதன் உடம்புக்குள் புகுந்து, குரலை எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். பதிவு செய்த பாட்டு யாருக்காகவும் நிற்காது. நீங்கள் நிற்கலாம்.

பல வருடங்களுக்கு முன் நான் நடத்திய ஒரு வட்டத்தில், தன் முறை வந்தபோது ஒரு சிறுமி ‘நத்தை’ என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ‘நத்தை கத்தாது!’ என்று ஒருவன் எழுந்தே நின்றுவிட்டான். நான் எதுவும் சொல்லாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு உள்ளங்கையைத் தரையில் வைத்து, மற்றொரு கையை முஷ்டியாக மடக்கி அதன்மேல் ஓடுபோல உட்காரவைத்தாள். வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்ம்’ என்று ஒரே சுரத்தை இழுத்தபடி கையை நகர்த்தினாள். முன்னே நீட்டிய இரண்டு விரல்கள் இப்படியும் அப்படியும் தடவிப் பார்த்தன. எழுந்து நின்றவனும் உட்கார்ந்து கையைத் தரையில் வைத்தான். ஒற்றை அடியை நத்தையின் வேகத்திலேயே எல்லோரும் பாடி முடித்தோம். அதற்குப் பிறகு வாராவாரம் சிங்கத்துக்கு முன்னால் நத்தையைக் கேட்டார்கள். நான் முந்திக்கொண்டு ‘சத்தம் போடுற மிருகமா சொல்லும்மா’ என்றிருந்தால் அந்த நத்தை வந்தே இருக்காது.

வாய் திறக்காத பையனை அடுத்த வாரம் உங்கள் பக்கத்தில் உட்காரவையுங்கள். பாடு என்று சொல்லவே சொல்லாதீர்கள். எந்த மிருகம் வரணும் என்று மட்டும் கேளுங்கள். அவன் கையால் காட்டினாலும் சரி, மற்றவர்கள் அதைப் பாடட்டும். அவன் காட்டியதைத்தான் எல்லோரும் பாடுகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியட்டும். அவன் எந்த மிருகத்தைக் காட்டினான் என்று எனக்கு எழுதுங்கள். பட்டியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.