ஜெராக்ஸ் கடையில் வாங்கிய கணக்கு

கேள்வி: சயாமாவுக்கு (ஆசிரியைக்கு) வணக்கம். எனக்கு வயது 24. பர்மாவில், பெகுவில் இருக்கிறேன். தபால் வழியில் கணிதம் பி.எஸ்சி. முடித்தேன். பாங்காக்கில் புள்ளியியல் எம்.எஸ்சி. படிக்க ஆசை. அங்கே கேட்கிற நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு எல்லாம் என் மார்க் ஷீட்டில் இருக்கின்றன. ஆனால் எனக்குச் சரியாகத் தெரியாது. கொரோனா, அப்புறம் நாட்டு நிலைமை என்று வகுப்புகள் ஒழுங்காக நடக்கவில்லை. அசைன்மெண்ட்டை அப்பாவே ஜெராக்ஸ் கடையில் விடையோடு வாங்கி வந்துவிடுவார், நான் பார்த்து எழுதி அனுப்புவேன். இப்போது தம்பிக்கும் நான்தான் வாங்கித் தருகிறேன். பினாங்கில் வேலை பார்க்கும் அண்ணன் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்கிறேன் என்கிறார். இந்தக் குறையை எஸ்.ஓ.பி.யில் (விண்ணப்பத்தோடு தரும் நோக்க அறிக்கையில்) எப்படி எழுதினால் நல்லபடியாக இருக்கும்? — க., பெகு

பதில்: மாதத்துக்கு ஒரு கடிதமாவது இப்படி வருகிறது. கொரோனா, மூடிய கல்லூரி, கரண்ட் இல்லாத இரவு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அத்தனையும் உண்மை. உன் கடிதத்தை நான் தனியாக எடுத்து வைத்ததற்குக் காரணம் வேறு. தம்பியைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரி.

"இப்போது தம்பிக்கும் நான்தான் வாங்கித் தருகிறேன்." அரிசி வாங்கித் தருகிறேன் என்பதுபோல எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாய். கணிதம் தெரியாமல் கணிதப் பட்டம் வாங்கியதால் இன்று எவ்வளவு தவிக்கிறாய் என்று முழுக் கடிதமும் சொல்கிறது. அதே தவிப்பைக் காசு கொடுத்து வாங்கித் தம்பி கையில் கொடுக்கிறாய். அது உனக்கே உறைக்கவில்லையா?

கல்லூரி மூடியிருந்ததால் பாடம் போனது என்று நீ நம்புகிறாய். நானும் மூடிய கல்லூரியில் படித்தவள்தான். 1996 டிசம்பரில் ரங்கூனில் மாணவர் போராட்டத்தின்போது மூடிய பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் 2000இல்தான் திறந்தன. நான் அப்போது கணிதம் இரண்டாம் ஆண்டு. திறந்த பிறகு ஓராண்டுப் பாடத்தைச் சில மாதங்களில் ஓட்டி முடித்தார்கள். எங்களுக்கும் பட்டம் கிடைத்தது. என்னோடு படித்தவர்களில் இரண்டு மூன்று பேர் அந்த மூன்றரை வருஷமும் பழைய புத்தகங்களை வைத்துக்கொண்டு வீட்டிலேயே கணக்குப் போட்டார்கள். நான் போடவில்லை. பின்னால் நான் பாடம் எடுத்த வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, "ஏன் சயாமா இந்த இடத்தில் பெருக்கணும், கூட்டக் கூடாதா?" என்று கேட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அன்று இரவு உட்கார்ந்து முதலாம் ஆண்டுப் புத்தகத்தைத் திறந்தேன். கல்லூரியை மூடியது யாராக இருந்தாலும் வீட்டில் புத்தகத்தை மூடி வைத்தது நான்தான். உன் வீட்டில் அதைச் செய்தது நீ.

உன் அப்பா மேலும் எனக்குக் கோபம் உண்டு. பிள்ளை கஷ்டப்படக் கூடாது என்று வாங்கி வந்திருப்பார், அந்தப் பாசம் புரிகிறது. ஆனால் பெற்றவர் செய்ய வேண்டியது பிள்ளையை விளக்கடியில் உட்கார வைத்துக் கூடவே விழித்திருப்பது. கடைக்குப் போய் விடையை வாங்கி வருவது இல்லை. அவரிடம் இதைச் சொல்ல எனக்கு வழியில்லை. நீ சொல்லு. சண்டை போடாதே. "அப்பா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை, தம்பிக்கும் அப்படி ஆகக் கூடாது" என்று சொன்னால் போதும்.

சரி, விண்ணப்பத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் விண்ணப்பிக்காதே. அண்ணன் பினாங்கில் உழைத்து அனுப்புகிற பணம் அது. முதல் செமஸ்டரிலேயே நீ பாடம் புரியாமல் நின்றால் அவன் உழைப்பும் சேர்ந்து போகும். ஒரு வருஷம் கழித்துப் போகிறேன் என்று அவனுக்கு எழுது. காரணத்தையும் மறைக்காமல் எழுது. பணம் தருகிறவனுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

உனக்கு எவ்வளவு தெரியும் என்பதை மார்க் ஷீட்டை வைத்துப் பார்க்காதே. தாளும் பேனாவும் எடு. 1000 பேர் இருக்கும் ஊரில் 10 பேருக்கு ஒரு நோய். ஒரு பரிசோதனை, நோய் உள்ள 10 பேரில் 9 பேரைச் சரியாகக் காட்டும். நோய் இல்லாத 990 பேரில் 99 பேருக்கும் தவறாக நோய் இருப்பதாகக் காட்டிவிடும். ஒருவருக்கு நோய் இருப்பதாக முடிவு வந்தால், அவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? 100க்கு 90 என்று உடனே வாயில் வந்தால் நிகழ்தகவை அடியிலிருந்து தொடங்கு. நோய் இருப்பதாக முடிவு வருகிற 108 பேரில் 9 பேருக்குத்தான் நோய், அதாவது 12இல் 1. அடுத்து நேரியல் இயற்கணிதம்: முதல் வரிசையில் 2, 1, இரண்டாம் வரிசையில் 1, 2 உள்ள அணியின் (மேட்ரிக்ஸ்) ஐகன் மதிப்புகளைக் கண்டுபிடி. 1, 3 என்று வர வேண்டும். வந்தால் மட்டும் போதாது. அந்த எண்கள் எதைச் சொல்கின்றன என்று தம்பிக்கு விளக்க முடிகிறதா பார். புள்ளியியலில் பல இடங்களில் அது திரும்பத் திரும்ப வரும்.

படிக்க வழி இல்லை என்று மட்டும் சொல்லாதே. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ஓப்பன்கோர்ஸ்வேர் இணையதளத்தில் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய நேரியல் இயற்கணித வகுப்புகள் முழுதாக இருக்கின்றன. வீட்டுக்கணக்கு, தேர்வுத்தாள், விடைகள் எல்லாம் இலவசம். நிகழ்தகவுக்கு ஹார்வர்டின் ஜோ பிளிட்ஸ்டீன் நடத்திய ஸ்டாட் 110 என்ற பாடம் யூடியூபில் கிடைக்கும். இந்தியாவின் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களும் உண்டு. கரண்ட் இருக்கும் நேரத்தில் இறக்கி வைத்துக்கொள். வீடியோவை மட்டும் பார்த்துவிட்டுப் படித்தேன் என்று சொல்லாதே. அது ஜெராக்ஸ் கடையேதான், திரையில் ஓடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒவ்வொரு கணக்கையும் முதலில் நீ போடு. அரை நாள் முட்டி மோது. அப்புறம் விடையைத் திற. தேதி போட்ட நோட்டுகளாக வைத்துக்கொள். கொஞ்சம் பணம் புரட்ட முடிந்தால், கண்காணிப்போடு தேர்வு வைக்கிற ஆன்லைன் படிப்பு ஒன்றில் சேர்ந்து அந்தத் தேர்வை எழுது. உன் பெயரில், உன் கையால் எழுதிய தேர்வு ஒன்று உன்னிடம் இருக்க வேண்டும்.

நீ சேர நினைக்கிற துறைக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் அனுப்பு. படித்த பாடங்களின் பட்டியலை வைத்து, எது போதும், எது போதாது என்று நேராகக் கேள். பல இடங்களில் நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டு, முதல் ஆண்டில் அடிப்படைப் பாடங்களைக் கூடுதலாக எடுக்கச் சொல்வார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் நாட்டிலேயே ஆனர்ஸ் இல்லாதவர்கள் எம்.எஸ்சி.க்கு முன்னால் மாஸ்டர் குவாலிஃபையிங் என்று ஓராண்டு படித்துத்தானே போனார்கள். ஆனால் கூடுதல் பாடத்துக்குக் கட்டணமும் காலமும் கூடும். அதையும் கேட்டுவிட்டு அண்ணனிடம் சொல்.

நீ கேட்ட எஸ்.ஓ.பி.க்கு நான் அதிக இடம் தரப்போவதில்லை. வகுப்புகள் தடைப்பட்டன என்று ஒரு வரி, அது உண்மை. என் அடிப்படை பலவீனமாக இருந்தது என்று ஒரு வரி, அதுவும் உண்மை. அடுத்து, இந்த ஒரு வருஷத்தில் என்னென்ன படித்தாய், எந்தத் தேர்வு எழுதினாய் என்று விவரமாக எழுது. கடையில் வாங்கிய கதையை அங்கே கொட்ட வேண்டியதில்லை. ஆனால் அத்தனை பழியையும் நாட்டின் மேல் போட்டு எழுதினால் அது பொய். நேர்காணலில் யாராவது ஒரே ஒரு கணக்கைக் கேட்டால் போதும், அந்தப் பொய் நிற்காது.

தம்பிக்கு அடுத்த அசைன்மெண்ட் எப்போது வரும்? அந்தக் கடைப் பக்கம் போகாதே. அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, தெரிந்ததைச் சொல்லிக்கொடு. தெரியாத இடத்தில் "எனக்கும் தெரியாதுடா" என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து தேடுங்கள். தப்பும் தவறுமாக இருந்தாலும் அவன் எழுதியதையே அனுப்பு, மார்க் குறைந்தாலும் பரவாயில்லை. அதை அனுப்பிய பிறகு எனக்கு ஒரு கடிதம் போடு. பாங்காக்கைப் பற்றி அப்போது பேசலாம்.