பறவையின் கண்ணில் உலகம்: கேள்வி பதில்

கேள்வி: பறவைகளுக்கு நம்மைவிட அதிக நிறங்கள் தெரியுமாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். நிறத்தை அறியும் கூம்புச் செல்கள் நம் விழித்திரையில் மூன்று வகை. பகலில் திரியும் பெரும்பாலான பறவைகளுக்கு நான்கு. அந்த நான்காவது, நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியையோ அதையொட்டிய ஊதாவையோ பிடிக்கும். நம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் புற ஊதாவைப் பெரும்பாலும் உள்ளேயே விடுவதில்லை. ஐரோப்பாவின் நீலப் பட்டாணிக்குருவியில் ஆணும் பெண்ணும் நமக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஆணின் உச்சந்தலை புற ஊதாவை அதிகம் எதிரொளிக்கும். அந்த வித்தியாசம் குருவிக்குத் தெரியும்.

கேள்வி: சார், அது எப்படி இருக்கும் என்று ஒரு படம் காட்டுங்களேன்.

பதில்: முடியாதே! புற ஊதாப் படங்களில் நீங்கள் பார்க்கும் நிறம், நமக்குப் புரிவதற்காக யாரோ பூசியது.

கேள்வி: கழுகின் பார்வை நம்முடையதைவிட எட்டு மடங்கு கூர்மை என்கிறார்களே?

பதில்: மிகை. பெரிய கழுகுகளுக்கே ஏறத்தாழ இரண்டு, இரண்டரை மடங்குதான். அதுவும் நல்ல வெளிச்சத்தில். பொழுது சாய்ந்தால் அந்தக் கூர்மை சட்டென்று குறைந்துவிடும்.

கேள்வி: புறா நடக்கும்போது ஏன் தலையை ஆட்டிக்கொண்டே போகிறது?

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி. உற்றுப் பாருங்கள், அது ஆட்டமே அல்ல. தலையை முன்னால் நீட்டி, உடல் வந்து சேரும்வரை அங்கேயே நிறுத்தி வைக்கிறது. அந்த நேரத்தில் காட்சி அசையாமல் நிற்கும். 1978இல் வெளியான ஆய்வில் புறாக்களை ட்ரெட்மில்லில் நடக்கவிட்டார்கள். கால் நடக்கிறது, சுற்றுப்புறம் நகரவில்லை, தலையாட்டலும் நின்றுபோனது!

கேள்வி: ஆந்தை?

பதில்: அதன் கண் உருண்டையல்ல, குழாய் வடிவம். குழிக்குள் அனேகமாக அசையாது. அதனால்தான் தலையையே 270 டிகிரிவரை திருப்புகிறது.

கேள்வி: இவ்வளவு பார்வை இருந்தும் ஜன்னல் கண்ணாடியில் வந்து மோதுகின்றனவே?

பதில்: கண்ணாடியில் தெரியும் வானமும் மரமும் பறவைக்கு நிஜம். தவிர, பல பறவைகளுக்குக் கண்கள் பக்கவாட்டில். சுற்றிலும் நன்றாகத் தெரியும். இரு கண்ணும் சேர்ந்து பார்க்கும் முன்பகுதி குறுகியது. பறவைகளை விரட்டக் கண்ணாடியில் ஒட்டும் ஒற்றைப் பருந்து ஸ்டிக்கரால் பெரிய பயனில்லை, அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் மோதும். கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்க, சுமார் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் ஒட்டுங்கள். உள்பக்கம் ஒட்டினால் பிரதிபலிப்பு அவற்றை மறைத்துவிடும்.