போவதற்கு எட்டு மணி, திரும்புவதற்கு ஏழு மணி

கேள்வி: லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 5,550 கிலோமீட்டர். அப்படியிருக்க, லண்டனிலிருந்து போக ஏறக்குறைய எட்டு மணி நேரமும் திரும்பி வர ஏழு மணி நேரமும் பிடிப்பது ஏன்? பூமி சுழல்வதுதான் காரணமா?

பதில்: நீங்கள் குறிப்பிடும் தொலைவு சரியானதே. ஆனால் அது பூமியின் வளைந்த பரப்பில் இரு நகரங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின், அதாவது பெருவட்டப் பாதையின், நீளம் மட்டுமே; எந்த விமானமும் அதே கோட்டில்தான் பறந்தாக வேண்டும் என்பதில்லை.

பூமியின் சுழற்சி நேரடிக் காரணம் அன்று. காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால், பறக்கும் விமானத்துக்கு அடியில் தரை நழுவிச் செல்வதில்லை. உண்மையான காரணம், ஏறத்தாழ 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் ஸ்ட்ரீம் என்னும் வேகமான காற்றோட்டம். துருவப் பகுதிக்கும் வெப்பமண்டலத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டால் உருவாகும் இக்காற்றைக் கிழக்கு நோக்கித் திருப்புவதில் மட்டும் பூமியின் சுழற்சிக்குப் பங்கு உண்டு.

விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர், காற்றின் வேகம் 150 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின்காற்றோடு வரும்போது தரைவேகம் 1,050 ஆகி, பயணம் 5 மணி 17 நிமிடத்தில் முடியும். எதிர்க்காற்றில் அது 750 ஆகக் குறைந்து, 7 மணி 24 நிமிடம் ஆகும். போகும்போது இழப்பதை வரும்போது ஈடுகட்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம். காற்றே இல்லாவிட்டால் இருவழிக்கும் சேர்த்து 12 மணி 20 நிமிடம் போதும். இங்கோ 12 மணி 41 நிமிடம் ஆகிறது. எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் இருக்க நேர்வதால் இழப்பே எப்போதும் மிஞ்சும்.

ஆகவேதான் அட்லாண்டிக் கடலுக்கு மேலே அன்றாடக் காற்று நிலவரத்தைப் பார்த்தே வழித்தடங்கள் வகுக்கப்படுகின்றன. மேற்கே செல்லும் விமானங்கள் காற்றோட்டத்தைத் தவிர்த்துச் சுற்றிப் போவதும் உண்டு. 2020 பிப்ரவரியில், புயலால் வலுப்பெற்ற பின்காற்றின் துணையோடு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகவே வந்து சேர்ந்தது.

காற்றைப் போலவே அரசியலும் பாதையை நீட்டிவிடும். 2022இல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியபின், ஒன்பதரை மணி நேரம் பிடித்துவந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் சுமார் பதின்மூன்று மணி நேரமாயிற்று.

பயணச்சீட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள் என்பதையும், அவற்றில் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரமும் அடங்கும் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். லண்டன் கடிகாரம் நியூயார்க்கைவிட வழக்கமாக ஐந்து மணி நேரம் முந்தியது. கோடைக்கால நேர மாற்றம் இரு நாடுகளிலும் வெவ்வேறு தேதிகளில் நடைபெறுவதால், மார்ச் மாதத்திலும் அக்டோபர் இறுதியிலும் சில நாள்களுக்கு இந்த வேறுபாடு நான்கு மணி நேரமாக இருக்கும்.